சந்தா வேண்டாத ஒலிநூல்

மஸ்கட்,
14.9.2008

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

சிங்கப்பெருமாள் கோயிலில் நீயும் நம் மகள் ஹம்சினியும் நலந்தானே? இங்கு நான் நலமே. கண் மருத்துவர் நீ படிக்கக் கூடாதென்ற நாள்முதல், நீ கேட்ட நாவலை ஒலிநூலாகத் தேடுகிறேன். இணையத்தில் சந்தா கட்டாமல் கிடைப்பவை யாவும் ஆங்கிலம். நானே வாசித்துப் பதிய அனுமதி கோரினேன். மூன்று மடல்களுக்கும் பதிப்பகத்திடமிருந்து பதிலில்லை.

அறைத்தோழர், மறைமலைநகர் ஆபிரகாம், "இன்னா சார், வூட்டுக்காரம்மாவுக்குப் படிச்சிக் காட்டக்கூட பர்மிஷனா? உன்னோட பேஜாரு சார்!" என்று சிரிக்கிறார். விதியை மீற எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இக்கடிதத்தையே வாசித்துக் குறுந்தகட்டில் பதிந்து அனுப்புகிறேன். எழுதியவன் நானே, எவர் அனுமதியும் வேண்டியதில்லை. இடையில் குரல் கம்மினால், அது ஏசியின் குளிர். எத்தனை முறை கேட்டாய் என்பதை மட்டும் ஹம்சினியை எழுதச் சொல். கம்பெனிப் பேருந்து வந்துவிட்டது.

உன்,
தேசிகன்