கீழே தண்ணீர் குடிக்கும் சத்தம்

டிசம்பர் 2, செவ்வாய்
இந்தக் கொப்பியில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன், எனக்கு வெட்கமானதையும்.
வெளியே மைனஸ் பதினெட்டு. அம்மாவின் கறிவேப்பிலைக் கன்றைப் பேஸ்மென்டில் பொயிலருக்குப் பக்கத்தில் வைத்தோம். எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் புதுப் பொயிலர், அதையே தொழிலாய்ச் செய்யும் விமலநாதன் மாமா ஒக்டோபரில் பூட்டித் தந்தது. புகையிலுள்ள சூட்டையும் எடுத்துவிடும் வகையாம். அதனால் புகை குளிர்ந்து, ஒரு சின்னக் குழாயால் தெளிந்த தண்ணீராய்த் தரைத் துவாரத்துக்குள் சொட்டுகிறது. வீணாகிறதே என்று குழாயை வாளிக்குள் விட்டேன். கன்றுக்கு ஊற்றலாம்.

டிசம்பர் 5
பள்ளியால் வந்தபோது வீடு விறைத்திருந்தது. பொயிலர் நின்றுபோய், அதில் சிவப்பு விளக்கு. அப்பா பொத்தானை அமத்தினார். எரிந்தது.

டிசம்பர் 6
நாலரைக்கே இருட்டு. கீழே யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். களக், களக் — பிறகு ஒரு விக்கல். இறங்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சிவப்பு விளக்கு. நாள்தோறும் வாளித் தண்ணீர் ஊற்றியும் கன்றடியில் ஏழு இலைகள்.

டிசம்பர் 8
மறுபடியும். இலைகள் இருபத்திரண்டு. காற்றே இல்லாத அறையில் எப்படி உதிர்கின்றன?
"கண்ணூறு பட்டிட்டுது," என்றார் அம்மா.

டிசம்பர் 10
அப்பா கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்: "விமலநாதன் பூட்டினது குப்பை. ஒருத்தரும் அவனைக் கூப்பிடாதேங்கோ."
"ரெண்டு வீட்டுக்காரர் வேண்டாமெண்டிட்டினமாம். பாவமப்பா," என்றார் அம்மா.
மாமா அப்பாவுக்குப் போன் எடுத்தார். "ஒருக்கா வந்து பாக்கிறன் அண்ணை." அப்பா வைத்துவிட்டார்.

டிசம்பர் 11
பொயிலர் நின்ற நேரங்களை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வாளி நிரம்பியிருந்தது. நேற்று வாளியை வெறுமையாக்கினேன், நிற்கவில்லை.
இன்று படியில் காத்திருந்தேன். வாளி நிரம்பி, குழாயின் முனை தண்ணீருக்குள் ஆழமாய் மூழ்கியிருந்தது. களக். விட இடமில்லாத தண்ணீரைப் பொயிலர் திரும்ப விழுங்கியது. விக்கல். சிவப்பு.
நான்தான். ஐயோ, நானேதான். சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாதே —

டிசம்பர் 12
அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை; மாமாவுக்குப் போன் எடுத்தார்.
மாமா வந்து வாளியைப் பார்த்தார், மொட்டைக் கன்றைப் பார்த்தார். "எடி பிள்ளை, இது அசிட் தண்ணி! இதையே ஊத்தினனி?"
அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "கோயில்லை நானே சொல்லுறன், விமலநாதன்."

டிசம்பர் 14
சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி.
நாலரைக்குக் கீழே போய் நின்றேன். குழாய் பழையபடி தரைத் துவாரத்துக்குள் சொட்டுகிறது. யாரும் குடிக்கவில்லை. கன்றின் தண்டை நகத்தால் சுரண்டினேன்: உள்ளே கொஞ்சம் பச்சை. மேலே தூக்கி வந்தேன். படியில் திரும்பிப் பார்த்தபோது பொயிலரிலும் ஒரு பச்சைப் புள்ளி, இமைக்காமல்.
பேஸ்மென்ட் விளக்கை அணைத்துவிட்டேன்.