பதினேழாம் எண் மூட்டை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் இறைவன் அருளால் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போன மாதக் கடிதம் கிடைத்ததா என்று கேட்கப் போவதில்லை. போனில் கூப்பிட்டால் "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் இரண்டு வருஷமாக வரவில்லை. ஆகையால் கம்பெனி முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

மகளின் படிப்பால் வீட்டில் ஒரு வில்லங்கம் வந்திருக்கிறது. "எது பிடிக்குதோ அதைப் படிக்கட்டும், விடு" என்று சொன்னது நீங்கள்தான். மனித நாகரிகங்கள் என்று ஒரு படிப்பில் சேர்ந்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சரித்திரமா என்றால் அதுவும் உண்டு, வேதியியலும் உண்டு, புள்ளியியலும் உண்டு. ஒரு உடைந்த சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களாம். ஒருவர் சட்டியில் ஒட்டிய எண்ணெயைச் சுரண்டுகிறார், ஒருவர் எந்தக் காலத்துச் சட்டி என்கிறார், புள்ளியியல் அம்மா இதுபோல் எத்தனை கிடைத்தது என்று எண்ணுகிறார். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, "உன் பொண்ணு படிச்சு முடிச்சதும் பழைய சாமான் கடை வச்சுக் குடுத்துடு, நல்லா ஓடும்" என்கிறாள்.

ஆனாலும் அவள் புத்தகங்களை நான் விடுவதில்லை. எட்டாவதோடு நின்றவள்தான், அடுப்பில் குக்கர் விசில் வருவதற்குள் நாலு பக்கம் படித்துவிடுவேன். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை அவர்கள் எறிந்த எலும்பை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். நேற்று ராத்திரி நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் நாலு வாரம் சேர்ந்த காய்ந்த குப்பையை, எந்த வாரத்துக் குப்பை என்று தனித்தனியாகக் கட்டி, ஒரே மூட்டையாகக் கொடுக்க வேண்டும். பெயர் கூடாது, எண் மட்டும். ஒரு வீட்டு மூட்டையை வேறு மாணவர்கள் பிரித்துப் பார்த்து, அங்கே யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று எழுத வேண்டும். செத்துப்போன ஊர்களைப் படிப்பதற்கு முன் உயிரோடு இருக்கும் வீட்டில் பழக வேண்டுமாம். நாலு வாரம் கூடத்தில் மூட்டையைத் தாண்டித் தாண்டித்தான் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். உள்ளே போனதை எல்லாம் நோட்டில் குறித்துத்தான் கொடுத்தேன். நூற்றுப் பதினாறு உருப்படி. நம் எண் பதினேழு.

போன வியாழக்கிழமை பதினேழைப் பற்றி வகுப்பில் எழுந்து படித்திருக்கிறார்கள். நம் பெண் அது தன் வீட்டு மூட்டை என்று யாரிடமும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அந்த அறிக்கையை என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தேன். விரல் நகம் அளவு பென்சில் துண்டுகள் ஏழு கிடைத்ததால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்று இருக்கிறதாம். என் கணக்கு நோட்டுப் பென்சில்கள் அவை. நான் கடைசிவரை எழுதிவிட்டு எறிபவள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பெண்கள், ஆண் கிடையாது, நாலு வாரமாக விருந்தாளி வந்த தடயமும் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். உங்களிடமிருந்து வரும் பணம் வங்கியில் விழுகிறது. அது குப்பையில் விழாது. பிறகு எப்படித் தெரியும் அவர்களுக்கு, இந்த வீட்டில் நீங்கள் இருப்பது?

கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்: "மூன்றாம் வாரக் குப்பையில் ஒரு ஷேவிங் கிரீம் குழாய் கிடைத்தது. மூடி திறக்கப்படவில்லை. அதில் அச்சிட்ட தேதிப்படி இரண்டு ஆண்டுப் பழையது. இந்த வீட்டில் ஒரு ஆணை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பு மூன்றாம் வாரத்தில் முடிந்துவிட்டது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடுப்பில் வருகிறேன் என்று நீங்கள் சொன்ன வாரம் வாங்கியது அது. நோட்டில் தேதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அலமாரியைச் சரிபார்ப்பேன், காலாவதியானதை எறிவேன். அதுவும் காலாவதியாயிற்று, எறிந்தேன். ஊறுகாய் மசாலாவையும்தான் அன்றைக்கு எறிந்தேன். நான் ஊறுகாயை விட்டுவிட்டேன் என்று எழுதினார்களா? மூக்குக்குக் கீழ் மீசை முளைக்காத பிள்ளைகள் கையில் கையுறை மாட்டிக்கொண்டு என் மனசைக் கிளறுவார்களாம், அதற்கு மதிப்பெண்ணாம்.

அறிக்கையின் முடிவில் அந்தந்த வீட்டாருக்கு ஒரு வெற்றுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தவறு இருந்தால் மறுத்து எழுதலாம். எழுதாவிட்டால் அறிக்கை அப்படியே துறையின் தொகுப்பில் சேர்ந்துவிடும், அடுத்த வருஷப் பிள்ளைகளும் படிப்பார்கள். "நீயே எழும்மா, என்னால முடியாது" என்று மகள் சொல்லிவிட்டாள்.

எழுதினேன். பென்சில் விஷயத்தைத் திருத்தினேன். குழாய் காலாவதியானதால் மட்டுமே எறியப்பட்டது என்று எழுதி, நோட்டிலிருந்து தேதியையும் கொடுத்தேன். வக்கீல் நோட்டீஸ் போல இருந்தது, எனக்கே பெருமை. மகள் படித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ புதுசு வாங்கினியாம்மா?"

வாங்கவில்லை. அந்த வாரம் கடைக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். சோப்பு வாங்கினேன், மசாலாவும் புதிதாக வாங்கினேன். காலியானதற்கும் காலாவதியானதற்கும் மறு வாரமே பதில் வாங்கி வைப்பவள் நான். அந்த ஒரு வரி மட்டும் நோட்டில் இல்லை. ஏன் வாங்கவில்லை என்று ஐந்து நாளாகப் பிரார்த்தனையில் கேட்கிறேன். உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறதே ஒழிய வேறொன்றும் தெரியவில்லை.

மகள் அதற்குமேல் என்னைக் கிளறவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்பா வருவாரா, மாட்டாரா, அதை மட்டும் சொல்லும்மா. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். அவங்க எழுதினதை மட்டும் தாங்க முடியல" என்றாள். இருபது வயதுப் பெண் இப்படிக் கேட்கும்போது "வருவார்டி, போய்ப் படி" என்று சொல்ல இத்தனை நாள் முடிந்தது. இந்தத் தடவை நாக்கு எழவில்லை.

மறுப்பைக் கிழித்துவிட்டேன். உண்மை தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களைத் திட்டவோ மூக்கால் அழவோ இதை எழுதவில்லை. அங்கே வேறு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். படித்துவிட்டு நானே மகளிடம் சொல்கிறேன், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசாமல் சொல்கிறேன். வருவதாக இருந்தால் தேதி போடுங்கள். பார்க்கலாம், அப்புறம், வேலை முடியட்டும், இந்த மூன்றும் வேண்டாம். அவற்றை நான் நிறையவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசி வரை அந்தப் பக்கம் என்னிடம் இருக்கும். அதற்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வராவிட்டால் வெறுமையாகவே கொடுத்தனுப்புவேன். அதிலும் அந்தப் பிள்ளைகள் ஏதாவது படித்துக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்புக்கு ஒன்றும் வராமல் இறைவன் காப்பாற்றட்டும். ஒரு வரி எழுதும் மனசையும் அவரே உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை உங்கள் மனைவி