ஊர் சொன்னதை அப்பா சொன்னார்

ஜூன் 9, திங்கள்

தடைக்காலம் இன்னும் முடியவில்லை. ஷெட்டுக்கு இறால் வரத்து குறைவு. இருந்ததை உரித்து முடித்ததும் மதியமே அனுப்பிவிட்டார்கள். ஐஸில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. பேனா வழுக்குகிறது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் இங்கே கூட்டி வந்துவிடுவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அக்கா வீடு சில சந்து தள்ளித்தான் இருக்கிறது. அம்மாவோ கப்பலில் வரப்போகிறவளுக்கு மாதிரி பாயை உதறி, ஃபேனைத் துடைத்து வைத்திருக்கிறாள். "ஜன்னலாண்ட அவளுக்கு. நீ அந்தாண்ட பட்துக்கோ" என்றாள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அக்கா வீட்டுக்காரர் பார்த்திபன் மாமா கரையில் பூட்டி வைத்திருந்த படகு இன்ஜினைக் காணோம். பாளையத்தின் தம்பிதான் எடுத்தான் என்று மாமா சொல்கிறார். பாளையம் எங்கள் குப்பத்துக் கமிட்டித் தலைவர், ஓட்டில் ஜெயித்து வந்தவர். கமிட்டிக்குப் போனால் தம்பி பக்கம்தான் பேசுவார்கள் என்று மாமா நேராக ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

ஊரைக் கேட்காமல் போலீஸுக்குப் போகக் கூடாது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமாவுக்கு எப்படி மறந்தது?

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

வளைகாப்பு நடக்கவில்லை. கமிட்டி கூடும்வரை பொறுக்கச் சொன்னார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஊர்விலக்கு. அக்காவுக்கும் மாமாவுக்கும்.

அப்பாதான் பெரியதனம். அவருக்கு முன் தாத்தா, தாத்தாவுக்கு முன் அவருடைய அப்பா. கோயிலில் முதல் தேங்காய் எங்களுக்கு. கல்யாணப் பத்திரிகை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் எதையும் முடிவு செய்வது கமிட்டி. அவர்கள் முடிவு செய்ததை அம்மன் கோயில் வாசலில் நின்று அப்பா சொல்ல வேண்டும். அப்போதுதான் அது ஊரின் முடிவு. ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை இல்லை.

அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லமாட்டேன்னு சொல்லுய்யா. இன்னா பண்ணிடுவானுங்கோ?"

"சொல்லாட்டி நான் பெரியதனம் இல்ல. பாளையம் சொல்வான். அவ்ளோதான்."

"சொல்லிட்டுப் போறான். உன் வாயால வர வேணாம்னுதான் கேக்குறேன்."

"போன வருசம் கோபாலுக்கு வெலக்கு சொன்னேன். அவன் பொண்டாட்டி இதே மாதிரி வந்து அழுதுச்சு. அன்னிக்கு நீ இன்னா சொன்ன? ஊரு சொல்றத நீ மாத்த முடியுமான்னு கேட்ட."

அம்மா கையை எடுத்துவிட்டாள்.

நான் கோயிலுக்குப் போகவில்லை. ஆனால் எங்கள் வீடுவரை கேட்டது. எல்லாருக்கும் சொல்வது போலவே, அதே குரலில். "பார்த்திபன் குடும்பத்தோட ஊரு பேசாது. ஊரு குடுக்காது. ஊரு வாங்காது. இது ஊரு சொன்னது." மூன்று தடவை. மூன்றாவது தடவையாவது குரல் உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை.

ஜூன் 18, புதன்

குழாயடியில் அக்கா. எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நானும்தான் நின்றேன். ஏன்டி நின்ன? பேசினால் எங்கள் வீட்டுக்கும் விலக்கு வரும், பெரியதனமும் போய்விடும், தெரியும். ஆனா அதுக்காகவா நின்ன? பயந்துட்டுத்தான நின்ன?

நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வயிறு கீழே இறங்கும் என்பார்கள். அவளுக்கு இப்போதே இறங்கிவிட்டது மாதிரி இருக்கிறது. குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் கையில் தூக்கிப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

கடையில் அக்காவுக்குப் பால் இல்லையாம். திருவொற்றியூர் போய் மாமா வாங்கி வருகிறார்.

ஜூலை 3, வியாழன்

ஷெட்டில் என் பக்கத்து மேடை சாண்ட்ராவுக்கு. ராயபுரத்திலிருந்து வருகிறாள். தபாலில் டிகிரி படிக்கிறாள், அரசியல் பாடம். நான் ஒன்பதாவதோடு நின்றவள் என்று தெரிந்தும் என்னிடம்தான் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாள். நான் குறுக்கே பேசமாட்டேன், அதனால்.

இன்றைக்கு ராஜா பாடம். சில நாடுகளில் இன்னும் ராஜா இருக்கிறாராம். ஆட்சி செய்வது ஓட்டில் வந்தவர்கள். அவர்கள் எழுதிக் கொடுப்பதை ராஜா படிப்பார், நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

"போடமாட்டேன்னா?" என்று கேட்டுவிட்டேன். நான் வாயைத் திறந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"போட்டுத்தான் ஆவணும். இல்லாங்காட்டி ராஜாவே வேணாம்னு தூக்கிடுவாங்கோ."

"அப்ப அந்தாளு எதுக்கு?"

"ஓட்டுல ஜெயிச்சவன் பாதி ஜனத்துக்குத்தான்டி ஆளு. மீதி பாதி அவன எப்போ எறக்கலாம்னு காத்துகினு இருக்கும். ராஜா எந்தப் பக்கமும் இல்ல. அதனால எல்லாருக்கும் பொது. நாடே ரெண்டா அடிச்சிக்கும்போது போய் நிக்க ஒரு எடம் ஓணும்ல? இப்டித்தான் புக்ல போட்டுகீது." பிறகு சிரித்தாள். "எனக்கு இன்னாவோ, சும்மா குந்தவெச்சி சோறு போடுற மாதிரிதான் தெரியுது."

நான் சிரிக்கவில்லை. அந்த ராஜாவுக்குப் பெண் இருந்தால், அவளை வெளியே தள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தால், அதிலும் கையெழுத்துப் போடுவாரா? கேட்க நினைத்தேன். சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

அக்காவும் மாமாவும் மாதவரம் போய்விட்டார்கள். அங்கே மாமாவுக்கு லாரியில் சரக்கு ஏற்றும் வேலை. கடலில் பிறந்த மனுஷன்.

சாமான் ஏற்றிய ஆட்டோ எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனது. அப்பா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அக்கா திரும்பிப் பார்த்தாளா? எனக்குத் தெரியாது. நான் தலை குனிந்திருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று நாளாக ஊர் ஊராக இல்லை. கழிமுகத்தில் எந்த நாளில் யார் முறை, யார் வலை விடுவது என்று பாளையம் பக்கமும், கமிட்டியில் அவருக்கு எதிராக நிற்கும் கஜபதி பக்கமும் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு படகை எரித்தாயிற்று. கமிட்டியே இரண்டாக உடைந்துவிட்டது. போலீஸ் வண்டி நிற்கிறது, ஆனால் போலீஸ் சொல்லை யார் கேட்பது.

இன்று இரண்டு பக்கமும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வேறு யார் வீட்டிலும் சேர்ந்து உட்காரமாட்டார்களாம். அப்பா பெரிதாக எதுவும் பேசவில்லை. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரைப் பார்த்து, "முழுசா கேளு நைனா, அப்பால நீ சொல்லு" என்பார், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முறை பிரித்துக்கொண்டார்கள். அப்பா அதைக் கோயில் வாசலில் சொன்னார். எரிந்த படகுக்காரனும் தலையாட்டினான்.

திரும்பி வந்தவர்களுக்கு நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது கஜபதி சொன்னார்: "வேற எவன் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன் பெரியதனம். பெத்த பொண்ணுக்கே வெலக்கு சொன்ன ஆளு நீ. நீ எவன் பக்கமும் சாயமாட்ட."

பாளையமும் ஆமாம் என்றார். "உனக்கு எதுனா ஓணும்னா கேளு. ரெண்டு பக்கமும் கீறோம், செய்றோம்."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். கேளுப்பா. கேட்டுடுப்பா. அக்காவுக்காக ஒரே ஒரு வார்த்தை. அவர் கேட்காவிட்டால் நான் கேட்டுவிடலாம், எல்லாரும் இருக்கிறார்கள், இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

"எனக்குன்னு ஒன்னியும் இல்லப்பா" என்றார் அப்பா.

நான் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூலை 28, திங்கள்

அம்மா கத்தவில்லை. இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டாள். "தாயில்லாத பொண்ணு மாதிரி அவ அங்க பெத்துக்க வேணாம்" என்றாள். நானும் வரவா என்று கேட்டேன். "உங்க நைனாவுக்கு யாரு கீறா?" என்றாள்.

அம்மா போனதும் அப்பா என்னிடம், "நேத்து கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கோ" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பால இன்னொரு நாளு வெட்டிக்கும்போது இந்த வாசலுக்கு வரமாட்டானுங்கோ" என்றார்.

அவர் சொல்வது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. தப்பாக இருந்தால் சண்டை போடலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெண் குழந்தை. ஆபரேஷன் இல்லாமல் பிறந்துவிட்டது. அம்மா போனில் சொன்னாள். கமிட்டியே உடைந்து கிடப்பதால் அவள் அங்கே போய் இருப்பதை யாரும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "எடை போட்டாங்களா?" என்று கேட்டார். எவ்வளவு என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதுக் கமிட்டி வந்துவிட்டது. பழைய விலக்குகளை எல்லாம் மொத்தமாக எடுத்துவிட்டார்கள், கோபாலுக்கும் சேர்த்து. அப்பா கோயில் வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார். அதே குரல்தான். இந்த முறை நான் போயிருந்தேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். ஜூனுக்குப் பிறகு அவளோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"யாரு கேட்டு எடுத்தாங்கோ?" என்றாள்.

"யாரும் கேக்கலக்கா. ஊரா பாத்து எடுத்துச்சு."

பின்னால் குழந்தை சிணுங்கியது. "சரி சிவந்தி, ஊருக்குச் சந்தோசம்னு சொல்லிடு" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். மாமாவுக்கு இங்கே வேலை பழகிவிட்டது என்றாள். அம்மாவும் குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டு வாசலில் இப்போது தினமும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி பாகம், வலைத் தகராறு, பெண் கேட்கிற விஷயம். பக்கத்துக் குப்பத்திலிருந்துகூட வருகிறார்கள். நியாயமான ஆள் என்கிறார்கள். பேசி முடித்து எல்லாரும் எழுந்து போன பிறகு அப்பா உள்ளே வருவார். நான் இரண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன். அதிலும் மிஞ்சுகிறது.