நாலாவது மாடி எண்கள்

மார்ச் 4
மருத்துவமனை மொட்டைமாடியில் எட்டு ஆண்டெனாவையும் நான் ஒருவனாகவே ஏற்றினேன். கூட மூன்று பேர் இருந்தார்கள், கயிறு பிடித்தார்கள், அவ்வளவுதான். அக்கா மகள்தான் இன்ஜினீயர். "மாமா, அலை போற வழி சரியாத் தெரிஞ்சா எட்டு அலையும் போன்கிட்ட ஒண்ணாக் கூடும். தப்பாத் தெரிஞ்சா ஒண்ணையொண்ணு அழிச்சிடும்" என்றாள். எனக்கா தெரியாது? பத்தாவது முடித்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

மார்ச் 6
சிக்னல் அளக்கும் கருவியோடு நடந்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று எண் எழுத வேண்டும். அந்த எண்தான் அலைக்கு வழிகாட்டி. மூன்று மாடி சிங்கமாக நடந்தேன். நாலாவதற்கு லிப்ட் ஓடவில்லை; முழங்கால் வலி. கேன்டீனில் உட்கார்ந்து மூன்றாம் மாடி எண்களையே அங்கங்கே கூட்டிக் குறைத்து எழுதிவிட்டேன். சுவர் அதே சுவர்தானே? "சுத்தமா எடுத்திருக்கீங்க மாமா" என்று மெச்சினாள்.

மார்ச் 15
நாலாவதில் மட்டும் பேச்சு உடைகிறதாம். போய்ப் பார்த்தேன். நெடுக எக்ஸ்ரே அறைகள், ஈயத்தகடு அடித்த கதவுகள். மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், கப்பலில் இருக்கும் மகனிடம் போனில், "கேக்குதாப்பா? கேக்குதா?" என்னிடம், "சரி பண்ணிடுவீங்கல்ல?"
"அலை என் பேச்சைக் கேக்கும் ஐயா. நாளைக்கே" என்றேன்.

மார்ச் 16
எண்களைப் பற்றி அக்கா மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 18
கட்டில் காலி. "கடைசிவரைக்கும் போனைக் காதுலயே வெச்சிருந்தார். பையன் குரல் விழுந்துச்சான்னு தெரியல" என்றாள் நர்ஸ்.

மார்ச் 20
குழாயைத் திறந்தாலும் "கேக்குதாப்பா". ஃபேன் சுற்றினாலும் அதே. காதைப் பொத்தினால் இன்னும் தெளிவாக.

மார்ச் 21
மேலதிகாரி அக்கா மகளின் கணக்குத்தான் தப்பு என்கிறாராம். நாளை மறுநாள் அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். "எங்க தப்புப் பண்ணினேன்னே தெரியல மாமா" என்று கண்ணைத் துடைத்தாள். நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். என்னடா செஞ்சு வெச்சிருக்கே நீ?

மார்ச் 22
அவளிடம் சொல்லிவிட்டேன். கேன்டீன், முழங்கால், பெரியவர், எல்லாம். பிறகு மேலதிகாரியிடமும். அவள் திட்டவில்லை. "மத்த மூணு மாடியாவது நெசமா மாமா?" என்றாள்.
"நெசம்தான்மா."
தலையாட்டினாள். நம்பவில்லை.

மார்ச் 24
நாலு மாடியும் அவளே நடந்து அளந்தாள். நான் பின்னால் பேட்டரிப் பையோடு. ஒரு இடத்தில் நான் எண்ணைப் படித்துச் சொன்னேன்; அவள் குனிந்து தானே ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினாள். முதல் மூன்று மாடிக்கும் ஏறக்குறைய என் எண்களே வந்தன. நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.