தங்கைக்கு ஒரு பித்தளைத் தகடு

மார்ச் 1, 2025, சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமை. வழக்கம்போல வாளி, பிரஷ், வெண்ணெய்க் கத்தியோடு கடைவீதிக்குப் போய், நடைபாதைத் தகடுகளில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டினேன். எங்கள் ஊரான வாகா வாகாவில் வளர்ந்து, வெளியே போய்ப் பேர் வாங்கியவர்களுக்காகப் பதித்த பித்தளைத் தகடுகள். மொத்தம் இருபத்தொன்று. பாதிப் பேர் கிரிக்கெட், பாதிப் பேர் கால்பந்து, நடுவில் ஒரு குதிரைப் பந்தயக்காரர். ஊரை விட்டுப் போனவர்களுக்குத் தகடு, போகாதவளுக்குக் கத்தி. தகட்டுக் குழுவின் செயலாளர் என்றால் வேலை இதுதான்.

புதன்கிழமை கூட்டம். இருபத்திரண்டாவது பெயரை முடிவு செய்கிறார்கள். யார் பெயர் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

கெர்ரிதான்.

வேறு யார்? என் தங்கை, பதினோரு வருடம் தொலைக்காட்சித் தொடரில் நர்ஸாக வந்தவள். ஒரு ஊசி ஒழுங்காகப் போடத் தெரியாது, நாடே அவளைப் பார்த்துக் காய்ச்சல் சொல்கிறது. போன வருடம் தன் வாழ்க்கையைப் புத்தகமாக வேறு எழுதிவிட்டாள்.

குழுத் தலைவி பெவர்லி ஸ்கோன் ரொட்டி, ஜாம், கிரீம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். "நரேல், உனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!" என்றார். "ஆமா, ஆமா" என்றேன். ஏகமனதாக நிறைவேறியது என்று என் கையாலேயே எழுதினேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தகட்டில் என்ன பொறிப்பது என்று பெவர்லி வாசித்தார்: "1974 வெள்ளத்தில், ஐந்து வயதில், தகரக் குளியல் தொட்டியில் ஏறி, கிரிக்கெட் மட்டையால் துடுப்புப் போட்டு, கோழிக் கொட்டகைக் கூரையில் தவித்த நாயைக் காப்பாற்றிய வடக்கு வாகாச் சிறுமி." பக்கத்தில் தொட்டியின் படமும் வார்க்கிறார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது நான். தொட்டியில் போனது நான்.

மார்ச் 6, வியாழன்

தூக்கமில்லை. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு அப்போது ஆறு வயது. மட்டையின் கைப்பிடி ரப்பர் கிழிந்து உள்ளங்கையை உரசியது இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீரில் டீசல் நாற்றம். எங்கள் நாய் டஸ்டி தொட்டிக்குள் குதித்ததும் நகங்கள் தகரத்தில் கீறிய சத்தம். அப்பா கரையில் மணல் மூட்டை அடுக்கப் போயிருந்தார், அம்மா நகரத்தில் வேலையில். கெர்ரி வீட்டுக் கூரையில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள். அண்ணன் டாரில் எங்கே இருந்தான் என்று ஞாபகமில்லை. அவன் அப்படித்தான், இருந்தாலும் தெரியாது.

அழகு அவளுக்கு. குரல் அவளுக்கு. சிட்னி அவளுக்கு. அம்மாகூடக் கடைசியில் அவள் பெயரைச் சொல்லித்தான் கண் மூடினாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எல்லாம் போகட்டும். ஐம்பத்தாறு வருடத்தில் நான் செய்த ஒரே ஒரு காரியம் அந்தத் தொட்டி. அதையும் எடுத்துக்கிட்டாளே பாவி!

மார்ச் 9, ஞாயிறு

போன் பண்ணினேன். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பண்ணினேன்.

"தொட்டியில போனது நான், கெர்ரி."

"என்னது?"

"வெள்ளத்துல. டஸ்டியக் கூட்டிட்டு வந்தது. நான்."

சிரித்தாள். லட்சம் பேருக்குப் பிடித்த அந்தச் சிரிப்பு. "நரேல், நீ கூரை மேல நின்னு கத்திக்கிட்டிருந்த. நான் தொட்டியிலேர்ந்து உன்னப் பாத்தேன். இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"கத்துனது நீ!"

"சரி சரி, அவ்வளவு ஆசைன்னா நீயே வச்சுக்கோ."

சின்ன வயதில் பொம்மையை இப்படித்தான் கொடுப்பாள். விளையாடி அலுத்த பிறகு. போனை வைத்துவிட்டேன்.

பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 12, புதன்

வார்ப்புக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய வாசகத்தைத் தட்டச்சு செய்வது நான்தான். அந்த வரியை மூன்று முறை அழித்தேன், மூன்று முறை திரும்பப் போட்டேன். கடைசியில் பெவர்லியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஆதாரம் ஏதாச்சும் இருக்காம்மா? தப்பா எடுத்துக்காத. அவங்க புத்தகத்துல அச்சாயிருக்கு, நீ வாயால சொல்ற."

வாயால் சொல்கிறேனாம்! வடக்கு வாகா வெள்ளப் படங்கள் வைத்திருப்பவர்கள் தொடர்பு கொள்ளவும் என்று பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு கொடுத்தேன். என் கிளினிக் நம்பரையே போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஒருவரும் கூப்பிடவில்லை. ஆட்டுக்கறி ரோஸ்ட் செய்தேன். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு?

மார்ச் 20, வியாழன்

கிடைத்துவிட்டது.

லான்ஸ் கெம்ப் என்று ஒரு பெரியவர் கிளினிக்குக்கே வந்தார். அன்று மீட்புப் படகில் இருந்தவராம். கழுத்தில் கேமரா மாட்டியிருந்ததால் ஒரு படம் எடுத்தாராம். உறையை அங்கேயே பிரித்தேன். கெர்ரி, ஒழிஞ்சடி நீ என்று மனசுக்குள் சொன்னேன். மறைக்காமல் எழுதுகிறேன், அப்படித்தான் சொன்னேன்.

தொட்டி இருக்கிறது. டஸ்டி இருக்கிறது. மட்டை இருக்கிறது. மட்டையைப் பிடித்திருப்பது மொட்டைத் தலை. அந்தக் குளிர்காலம் படர்தாமரை வந்து அம்மா ஒரே ஒருவருக்குத்தான் மொட்டை அடித்தாள்.

"உங்க அண்ணன்தானே இது? டயர் கடை வச்சிருக்காரே. அந்தக் காத வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் கெம்ப்.

பின்னால் வீட்டுக் கூரையில் இரண்டு சிறுமிகள் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு வாயும் திறந்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

உள்ளங்கையில் அந்த ரப்பர் இன்னும் உரசுகிறதே. அது என்ன?

மார்ச் 22, சனி

டயர் கடைக்குப் போனேன். டாரில் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். படத்தை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.

"அட, டஸ்டி! எவ்வளவு கொழுப்பு பாரு."

"டாரில். தொட்டியில நீ இருக்க."

"ஆமா."

"அம்பது வருஷமா ஏன் வாயத் திறக்கல?"

"யாரு கேட்டீங்க?"

அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகச் சொன்னான். வெள்ளத்துக்கு அப்புறம் நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோமாம். கெர்ரி கண்ணை மூடினாலே வெள்ளத் தண்ணீர் வருகிறது என்று அலறுவாளாம், பாயை நனைத்துவிடுவாளாம்.

"அவ பக்கத்துல படுத்துக்கிட்டு, 'ஏய், நீ எதுக்குப் பயப்படுற? தொட்டியில போயி டஸ்டியக் கொண்டாந்தது நீதானே, மறந்துட்டியா?'ன்னு சொன்னேன். மட்டை எப்படி இருந்துச்சு, தண்ணி எப்படி நாறுச்சுன்னு ஒண்ணு விடாம சொன்னேன். தூங்கிட்டா. தினம் சொல்லச் சொல்லுவா."

"அப்ப எனக்கு?"

"உனக்கு நாலஞ்சு நாள் கழிச்சு. ஒட்டுக் கேட்டுட்டு, அவளுக்கு மட்டும் ஏன் சொல்றன்னு காலால உதைச்ச. சரின்னு உன்ன வெளிய கூட்டிட்டுப் போயி, உண்மையில போனது நீதான், அவகிட்ட சொல்லிடாதன்னு சொன்னேன். அப்புறம்தான் விட்ட."

"முதல்ல அவளுக்கா?"

டாரில் என்னைப் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். "அடிப்பாவி, இதுதான் கேக்கத் தோணுச்சா உனக்கு?"

வேறு எது தோன்றும்?

கிளம்பும்போது, "இதக் கொண்டுபோய்க் கூட்டத்துல காட்டாத. டயர் மாத்த வர்றவன் எல்லாம் கதை கேப்பான், வேலை கெட்டுப்போயிடும்" என்றான். படத்தை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

படத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டத்தில் வைத்தால் போதும், கெர்ரி புத்தகத்தின் முதல் அத்தியாயம் காலி. ஆனால் அவளைக் கூரையில் ஏற்றினால் பக்கத்தில் நானும் ஏற வேண்டும். பெவர்லிக்கு முன்னால், வாய் பிளந்துகொண்டு.

இன்று அந்த வரியை அழித்தேன். நான்காவது முறை. திரும்பப் போடவில்லை. "கெர்ரி ப்ரௌஸ், நடிகை, வடக்கு வாகாவின் மகள்" என்று மட்டும் அனுப்பினேன். என் கதை இருக்கட்டும், ஞாபகத்தை நம்ப முடியவில்லை, ஆதாரம் இல்லாததைப் பித்தளையில் வார்க்க வேண்டாம் என்று பெவர்லிக்கு எழுதினேன். "ரொம்பப் பெரிய மனசு உனக்கு" என்று பதில் வந்தது. அண்ணனுக்காக என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பாதி அதுதான். மீதிப் பாதி பொறாமை.

ஏப்ரல் 12, சனி

தகடு திறந்தாயிற்று. மருந்துக்கடைக்கு எதிரில், நல்ல இடம். நூறு பேருக்கு மேல். கெர்ரி வெள்ளைக் கால்சட்டையில் வந்தாள், இந்த ஊர்த் தூசியில்! ஒரு பொட்டு அழுக்கில்லை.

தகட்டில் இல்லாவிட்டால் என்ன, மைக்கில் சொன்னாள். தொட்டி, மட்டை, டீசல் நாற்றம், நகங்களின் கீறல். ஒரு சொல் தவறவில்லை. டாரில் சொல்லிக் கொடுத்தது போலவே. நான் எனக்குள் சொல்லிக்கொள்வது போலவே. "என் அக்கா நரேல் கூரை மேல நின்னு போட்ட கூச்சல் இருக்கே, வாகா முழுக்கக் கேட்டிருக்கும்!" என்றாள். நூறு தலைகளும் என் பக்கம் திரும்பின. பெவர்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. டாரில் பின்வரிசையில் லாமிங்டன் கேக் தின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

முன்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள், "அவ்வளவு பயமாவா இருந்துச்சு உங்களுக்கு?"

"ஆமாங்க" என்றேன். "ரொம்பப் பயந்துட்டேன். நான் கூரை மேலதான் இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கெர்ரி வந்து கட்டிக்கொண்டாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டேன். தோளுக்கு மேலே டாரில் மறுபடி கேக்கைத் தின்ன ஆரம்பித்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி, டீ போட்டுக் குடித்தாயிற்று. மனசு லேசாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முதலில் அவளிடம்தானே சொல்லியிருக்கிறான்.