மடி தேடாத குட்டிகள்

அக்கா,

இன்று காலை ஒருவர் கோணிப்பையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைச் சுமந்துகொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். பிறந்து அரை நாள்கூட ஆகவில்லை. அவர் கொண்டுவந்த சீம்பாலை விரலில் தொட்டு அதன் வாயில் வைத்தேன். சப்பவில்லை. கையைக் கழுவியும் சீம்பால் வாசனை போகவில்லை; உங்கள் நினைவும்தான்.

சூளகிரித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உங்கள் வீடு. முலாம் பூசும் பட்டறையின் கழிவு தேங்கும் பள்ளத்தில்தான் உங்கள் ஆடுகள் தண்ணீர் குடிக்கும். முதல் முறை இரண்டு குட்டிகளோடு வந்தீர்கள். எடை பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது மேடம். ஆனா தாய் பக்கத்துல விட்டாலும் மடியத் தேட மாட்டேங்குது. கத்தக்கூட மாட்டேங்குது. செவுத்தப் பாத்துட்டே நிக்குது."

சினையில் தாய் குடித்த தண்ணீர்தான் காரணம், அதை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். பரிசோதனை இல்லாமல் முடியாது என்றேன். சத்துக்குறைவு என்று எழுதி, டானிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே இரண்டும் செத்துப்போயின.

அடுத்த ஈற்றுக்கு நீங்கள் என்னைக் கேட்கவில்லை. சினையான மூன்று ஆடுகளையும் வீட்டிலேயே கட்டிப்போட்டு, கோயில் பக்கத்து போர்வெல்லிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினீர்கள். அதே பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஐந்து மாதம். மூன்றாவது ஆடும் குட்டி போட்ட அன்று மூச்சிரைக்க வந்து நின்றீர்கள்.

"எல்லாக் குட்டியும் எந்திரிச்சு நின்னுடுச்சு மேடம்! மடிய முட்டி முட்டிக் குடிக்குது!"

"மூணு ஆட்ட வச்சு முடிவு சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது.

"அப்ப இன்னும் எத்தன குட்டி சாகணும்?"

அந்த வாரமே பள்ளத்துத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. நினைவூட்டி எழுதி எழுதிச் சலித்துவிட்டது. இதற்கிடையில் மழைக்காலக் காய்ச்சல் ஒன்று உங்களைக் கொண்டுபோனது. எனக்குத் தகவல் வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

இப்போது ஊர் ஊராகத் தடுப்பூசி போடப் போகிறேன். சினையாட்டைக் கழிவு தேங்கும் பள்ளத்துப் பக்கம் விடாதீர்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்கிறார்கள். ஆய்வு, அறிக்கை என்று ஆரம்பித்தால் யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் உங்கள் கதையைச் சொல்கிறேன். வேலைக்கும் போய்க்கொண்டு ஐந்து மாதம் தண்ணீர் சுமந்தவர் என்றதும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, சில வீடுகளில் சினையாடு வாசலில் கட்டியிருக்கிறது.