டுங்காவின் உதடு

மார்ச் 4, செவ்வாய்

புதுப் படத்துக்கு மேக்கப் டெஸ்ட். கேலிப் படம். டிவி காமெடியில் ஒரு இனத்தையே கோமாளியாக்கியதைக் கிழித்துத் தொங்கவிடுகிற கதை. கதையில் நாயகனுக்கு நடிக்க வாய்ப்பு வேண்டுமென்றால் கரி பூசித் தன் இனத்தையே கேலி செய்தாக வேண்டும். செட் முழுக்க அந்த முகம்தான்: சுவர் போஸ்டரில், உண்டியலில், டீ கப்பில்கூட. பிதுங்கிய கண், காதுவரை சிவந்த உதடு.

“டிவில வந்த பழைய டுங்கா காமெடி மாதிரி வேணும்க்கா. பாத்திருக்கீங்களா?” இயக்குநர் கேட்டாள். என் மகள் வயதுதான்.

“பாத்திருக்கேன்.”

பார்த்திருக்கிறேனாம். ஆறு வருஷம் வாராவாரம் அந்த முகத்தை வரைந்ததே நான்தான்.

நாயகனாக நடிப்பவனும் அந்த இனத்துப் பையன்தான். “பழைய வீடியோ எதையும் பாக்காமலே இவ்ளோ வேகமா போடறீங்களே” என்றான்.

“அனுபவம்ப்பா.”

பொய் இல்லை. அதுதான் கேவலம்.

மார்ச் 5, புதன்

நான் போடாவிட்டால் இன்னொருத்தி போட்டிருப்பாள் — இதை எத்தனை தரம் எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்?

என் கணவரும் அந்த இனம்தான். டிவியில் டுங்கா ஆரம்பித்ததும் எழுந்து போய்த் துணி மடிப்பார். சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகளுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் சுருள்முடி. பள்ளியில் அவள் பெயரே டுங்கா ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். நான் என்ன செய்தேன்? தலைவாரி விட்டேன். மறுநாள் போய் அதே உதட்டை வரைந்தேன்.

வரைவது யார் என்று அவளிடம் சொல்லவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். பட்டாணி உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

“தெரியும்மா. கடைசில ஓடுற எழுத்துல உன் பேர் வரும். எழுத்துக்கூட்டிப் படிச்ச வயசுலயே தெரியும்.”

“ஏண்டி கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

இத்தனை வருஷமா மனசுலயே வெச்சிருந்திருக்கா. எம்புள்ள. நான் என்ன ஜென்மம்?

டெஸ்ட் போட்டோவைக் கேட்டாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“உதடு இவ்ளோ சின்னதா இருக்காது. குறைச்சுப் போட்டிருக்க.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கை தானாகக் குறைத்திருக்கிறது. யாருக்காக? எனக்காகத்தான்.

மார்ச் 10, திங்கள்

இயக்குநரையும் நாயகனையும் உட்காரவைத்து, அந்தக் காலத்தில் டுங்காவை வரைந்தது நான்தான் என்று சொன்னேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

அவன்தான் பேசினான். “எங்க வீட்ல எல்லாரும் உக்காந்து அதைப் பாப்போம். அப்பா சத்தமா சிரிப்பாரு. அவருக்கு வலிக்குதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு சிரிப்பாரு.” மேக்கப் பெட்டியை என் பக்கம் தள்ளி, “நீங்களே போடுங்க. இருந்த மாதிரியே போடுங்க” என்றான்.

சரி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

காட்சி எடுத்தார்கள். உதட்டைக் காதுவரை இழுத்தேன். ஒன்றும் குறைக்கவில்லை. விளக்கு எரிந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவன் முகத்தைத் துடைக்க நாற்பது நிமிஷம். காது மடிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. “விடுங்கக்கா, வீட்ல கழுவிக்கறேன்” என்றான். நான் விடவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். முழுசாகப் போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

“ஷூட்டிங் எங்கம்மா நடக்குது?” என்று கேட்டாள். “நாளைக்கு நானும் வரேன்.”